நூறாண்டு பிரிந்திருந்த ஒலியும் படமும்

திரையில் ஒருவர் பேசும்போது அவருடைய உதட்டசைவும் குரலும் ஒன்றாகவே வருகின்றன. ஆதலின் படமும் ஒலியும் ஒரே பொருள் என்று காண்போர் கருதுவது இயல்பே. உண்மையில் அவை ஒரே கோப்பினுள் அடங்கியிருப்பினும், தனித்தனித் தடங்களாகவே பதிவாகின்றன. கணினியில் படத்தொகுப்புச் செய்யும் மென்பொருளில் ஒரு துணுக்கு ஊமையாகிவிட்டால், பெரும்பாலும் ஒலி அழிந்துவிட்டது என்று பொருளன்று. தொகுப்பில் இருப்பது, ஒலிக்கோப்பு எங்கே உள்ளது என்னும் முகவரி மட்டுமே. கோப்பு இடம் மாறினாலும் பெயர் மாறினாலும் அம்முகவரி பயனற்றதாகிவிடும். ஒலியைச் சுருக்கிய முறை மென்பொருளுக்கு விளங்காமற் போவதும் உண்டு. முன்னதற்குக் கோப்பைத் தேடி மறுபடி இணைத்தலும், பின்னதற்கு அறிந்த முறைக்கு மாற்றுதலும் போதும்.

ஒலி ஒரு நிலையத்திலும் படம் மற்றொரு நிலையத்திலுமாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கிடந்திருப்பின் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை தருவது அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு சிறு படம்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் நகரில் எடிசன் அமைத்திருந்த ‘பிளாக் மரியா’ படப்பிடிப்புக் கூடத்தில், 1894-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலோ 1895-இன் தொடக்கத்திலோ இப்படம் எடுக்கப்பட்டது. எடிசனின் உதவியாளரான டபிள்யூ. கே. எல். டிக்ஸன் ஒரு பெரிய ஒலிவாங்கிக் குழலின் முன் நின்று வயலின் வாசிக்கிறார். இசைக்கேற்ப இரு ஆடவர் கைகோத்து ஆடுகின்றனர். படம் ஏறக்குறைய 17 வினாடியே ஓடும். படப்பெட்டி பிலிமில் காட்சியைப் பதித்தபொழுது, குழலின் மறுமுனையிலிருந்த மெழுகு உருளை இசையைப் பதித்தது.

பிலிம் பிழைத்தது, உருளை தொலைந்ததென்றே பலரும் நம்பினர். எனினும் எடிசன் நினைவிடத்தில் 1964-இல் தயாரித்த பொருட்பட்டியலில், டிக்ஸனின் வயலின் இசை கொண்டது என்ற குறிப்புடன் ஓர் உருளை இடம்பெற்றிருந்தது. அது உடைந்த உருளை. அச்சிறு குறிப்பு இல்லாதிருந்தால் அதனை மெழுகுத் துண்டென்று எவரேனும் ஒதுக்கியிருக்கவும் கூடும். 1998-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த பாட்ரிக் லௌக்னி அதனைப் பெற்று, நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் காப்பகம் ஒன்றில் செப்பனிட்டு மறுபதிவு செய்வித்தார். சுமார் இரண்டு நிமிட ஒலி கிடைத்தது. அதில் வயலின் இசை ஏறக்குறைய 23 வினாடி.

17 வினாடிப் படம் அந்த 23 வினாடியில் எவ்விடத்தில் பொருந்தும்? இதனைத் தீர்க்கும் பணி, ‘அப்போகலிப்ஸ் நவ்’ படத்தின் ஒலிக்காக ஆஸ்கார் விருது பெற்ற வால்டர் மர்ச் என்பவரிடம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. முதல் இடையூறு வேகமே. அப்படம் வினாடிக்குச் சுமார் 40 பிரேம் வீதம் எடுக்கப்பட்டது. பிற்காலப் பேசும் படங்களைப் போல் 24 வீதம் ஓட்டினால் 17 வினாடி 28 வினாடியாக நீண்டுவிடும், ஆட்டமும் தளர்ந்துவிடும். எனவே படத்தைக் கணினியில் ஏற்றி, வேகத்தைத் திருத்தி, வில்லின் அசைவும் இசையும் ஒத்துவரும் இடத்தைத் தேட வேண்டியதாயிற்று. வில் திசை திரும்பும் கணத்தில் சுரமும் மாறவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். முதலிலிருந்து முடிவுவரை பொருந்தினாலே இணைப்பு மெய்யானது.

இக்காலத் தொகுப்பாளரும் இதே சோதனையைச் செய்தல் நன்று. வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த ஒலியை 48,000 எனத் தவறாகக் கொண்டு ஓட்டினால், வேகம் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும், சுருதியும் உயரும். இது காதுக்கு உடனே புலப்படும். படத்தின் வேகத்தை 24 என்பதற்குப் பதிலாக 23.976 எனக் கொண்டால் வரும் பிழையோ தொடக்கத்தில் தெரியாது. ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகி நிற்கும். கைதட்டல் போன்ற கூரிய ஒலியொன்று துணுக்கின் இரு முனைகளிலும் இருப்பின் இத்தகைய விலகலை எளிதில் அளக்கலாம்.

டிக்ஸனின் படம் 2003-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. உருளையில் இசைக்கு முன்பாக, எல்லாரும் ஆயத்தமா என வினவித் தொடங்கச் சொல்லும் ஒரு மனிதக் குரலும் கேட்கிறது. அக்குரலுக்குரிய படம் இல்லை.