இரும்புக்கும் ஒரு சும்மாடு



"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பெரியது ஓட வேண்டுமானால் சிறியது ஒன்று ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தேருக்கு அச்சாணி எப்படியோ, எஞ்சினுக்கும் அப்படி ஒரு சிறு உறுப்பு உண்டு. பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் சாவியைத் திருப்பும்போதும், பனியன் கம்பெனியில் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும்போதும் அது வேலை செய்கிறது. வேலை செய்யும் நேரம் இரண்டு மூன்று விநாடிகளே. நம் ஊர் மெக்கானிக்குகள் அதைப் 'பெண்டிக்ஸ்' என்று அழைக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்த உறுப்பு இல்லாவிட்டால் பேருந்தும் கிளம்பாது, ஜெனரேட்டரும் எழாது. இதன் கதையையும் வேலையையும் எங்களால் இயன்ற அளவு இங்கே விளக்குகிறோம்.

எஞ்சின் தானே எழுவதில்லை

மின்விசிறிக்கு ஸ்விட்சைப் போட்டால் போதும், சுழலத் தொடங்கிவிடும். டீசல் எஞ்சினோ பெட்ரோல் எஞ்சினோ அப்படியல்ல. காற்றை உள்ளே இழுத்து, அதை அழுத்தி, எரிபொருளை எரித்த பிறகுதான் அதற்கு வலிமை பிறக்கிறது. இழுக்கவும் அழுத்தவும் முதலில் எஞ்சின் சுழன்றாக வேண்டும். ஆகவே தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவதுபோல் யாராவது அதை முதலில் சுற்றிவிட வேண்டியிருக்கிறது.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்த காலத்தை நம் பாட்டனார்கள் நன்கு அறிவார்கள். ஒரு கையால் வால்வு நெம்புகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹேண்டிலைச் சுற்றுவார்கள். கனத்த சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விடுவார்கள். எஞ்சின் 'டக், டக்' என்று பிடித்துக்கொள்ளும். ஹேண்டிலின் முனையில் உள்ள வெட்டு சாய்வாக இருப்பதால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஹேண்டில் தானே கழன்றுவிடும். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தாலோ மணிக்கட்டு முறியும். பழைய பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் முன்புறம் நின்று ஹேண்டில் போட்டவர்கள் பட்ட பாடும் இதுவே.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றார். மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் சென்ற முதல் பயணம் அது. அந்த வண்டியைக் கிளப்ப, பின்புறத்தில் படுத்த நிலையில் இருந்த கனத்த சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

இந்தக் கைப்பாட்டை நீக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் பதிவு செய்யும் இயந்திரத்துக்குச் சிறு மின் மோட்டார் பொருத்தியவர் அவர். சில விநாடிகள் மட்டும் வேலை செய்து ஓய்வெடுக்கும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் பெரிய சுமையை அசைக்கும் என்பதை அந்த அனுபவத்தில் அறிந்தார். 1911-இல் அவர் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. அதன் பிறகு கார் ஓட்ட முரட்டுக் கை தேவைப்படவில்லை. பெண்கள் மோட்டார் ஓட்ட வழிவிட்ட கண்டுபிடிப்புகளுள் இது முக்கியமானது. நம் நாட்டில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்ப வேண்டியதில்லை, பட்டனை அழுத்தினால் போதும் என்று ஆனபோது பெண்கள் அதை விரும்பி வாங்கியதற்கும் இதுவே காரணம்.

சிறியதும் பெரியதும் சந்திக்கும்போது

எஞ்சினின் பின்புறத்தில் ஃபிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில் ரிங் கியர் என்ற பல் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டா கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வளையத்தைச் சூடாக்கினால் விரியும், சக்கரத்தின் மேல் இறக்கிவிட்டால் ஆறும்போது சுருங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். ரிங் கியரும் அப்படியே ஏற்றப்படுகிறது.

'செல்ஃப் மோட்டார்' என்று நாம் சொல்லும் ஸ்டார்ட்டரின் முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம் இருக்கிறது. பினியனுக்கு 10 பற்கள், ரிங் கியருக்கு 120 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பினியன் 12 சுற்றுச் சுற்றினால் ஃபிளைவீல் ஒரு சுற்றுச் சுற்றும். மோட்டார் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால் எஞ்சின் 200 சுற்றுச் சுற்றும். டீசல் எஞ்சின் எழுவதற்கு அது போதுமானது. சிறிய மோட்டார் பெரிய எஞ்சினை அசைக்கும் இரகசியம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே மூன்று சங்கடங்கள் உள்ளன.

முதலாவது, பினியன் ஃபிளைவீலோடு எப்போதும் சேர்ந்திருப்பதில்லை. வேண்டும்போது மட்டும் ஓடிச் சென்று சேர வேண்டும். அப்படிச் செல்லும்போது பல்லும் இடைவெளியும் பொருந்தாமல், பல்லோடு பல் முட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, எஞ்சின் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும்போது ஃபிளைவீல் தயங்கும், அழுத்தம் கடந்ததும் தாவும். டீசல் எஞ்சினில் காற்று அதன் கனஅளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நசுக்கப்படுவதால், இந்தத் தயக்கமும் தாவலும் சுத்தியல் அடிபோல் பற்களில் இறங்கும்.

மூன்றாவது, எஞ்சின் எழுந்துவிட்டால் அதுவே மோட்டாரைச் சுற்றத் தொடங்கும். ஜெனரேட்டர் எஞ்சின்கள் பொதுவாக நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடுகின்றன. அப்போதும் பினியன் விலகாவிட்டால் அது 18,000 சுற்றுச் சுற்ற நேரிடும்! மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருள்கள் பிய்ந்து சிதறிவிடும்.

சும்மாடும் ஸ்பிரிங்கும்

தண்ணீர்க் குடத்தை வெறுந்தலையில் யாரும் வைப்பதில்லை. துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன் மேல்தான் குடத்தை ஏற்றுகிறார்கள். குடத்தின் எடையைச் சும்மாடு குறைப்பதில்லை. நடையில் உண்டாகும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. இரும்புப் பற்கள் சந்திக்கும் இடத்திலும் இப்படி ஒரு சும்மாடு தேவைப்பட்டது.

அதைத் தந்தவர்களுள் ஒருவர் வின்சென்ட் பெண்டிக்ஸ். 1881-இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஒரு நீண்ட போல்ட்டில் தளர்வான நட்டு ஒன்றை மாட்டி, போல்ட்டைச் சட்டென்று சுற்றிப் பாருங்கள். நட்டு கூடவே சுற்றாமல் பின்தங்கி, மரையின் மேல் நகர்ந்து செல்லும். பெண்டிக்ஸ் இதையே பயன்படுத்தினார். மோட்டார் சட்டென்று சுழலும்போது, மரையில் இருக்கும் பினியன் பின்தங்கி, நகர்ந்து போய் ஃபிளைவீலின் பற்களோடு சேர்கிறது. மோட்டாரின் தண்டுக்கும் மரைக்கும் இடையே தடித்த சுருள் ஸ்பிரிங் ஒன்று உண்டு. பினியன் சேர்ந்த கணத்தில் இழுப்பு முழுவதும் பற்களில் விழாமல், ஸ்பிரிங் முதலில் முறுக்கிக்கொள்கிறது, பிறகுதான் விசை ஃபிளைவீலுக்குச் செல்கிறது. வேறு சில வகைகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் இருந்தது. எஞ்சின் எழுந்து பினியனை வேகமாகச் சுற்றியதும், அது அதே மரையில் திரும்பித் தன் இடத்துக்கு வந்துவிடும்.

இதைச் செய்து தந்த எல்மைரா நகரின் எக்லிப்ஸ் கம்பெனி, அதற்கு முன் சைக்கிள் பிரேக் செய்து பெயர் பெற்றது என்பது சுவையான செய்தி. எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றாலும் பினியன் கழன்றுவிடும் என்பது இம்முறையின் குறை. மறுபடி முயலுமுன் ஃபிளைவீல் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இன்றைய முறை

இன்றைய பேருந்துகளிலும் ஜெனரேட்டர்களிலும் பெரும்பாலும் வேறு முறை உள்ளது. சாவியைத் திருப்பியதும் சோலனாய்டு என்ற மின்காந்தம் ஒரு கவட்டையை இழுத்து, பினியனை முதலில் பற்களோடு சேர்க்கிறது. சேர்ந்த பிறகே மோட்டாருக்கு முழு மின்சாரம் செல்கிறது. பல்லோடு பல் முட்டிக்கொண்டால், பினியனுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கிறது. மோட்டார் சிறிது அசைந்ததும் பல் இடைவெளிக்கு நேராக வர, ஸ்பிரிங் பினியனை உள்ளே தள்ளிவிடுகிறது. எதிர்த்து நிற்காமல் சற்றே பின்வாங்கிப் பிறகு சேரும் இந்தப் பாங்கு அழகானது அல்லவா?

விலகுவதற்கும் வழி உண்டு. சைக்கிளில் பெடலை மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கிறதே, ஃப்ரீவீல் அதற்குக் காரணம். பினியனிலும் அதுபோன்ற ஒரு வழிப் பிடிப்பு இருக்கிறது. ஆப்பு வடிவமான பள்ளங்களில் சிறு உருளைகள் உள்ளன. மோட்டார் சுற்றும்போது அவை இறுகிப் பிடிக்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் நழுவி வழிவிடுகின்றன. அமைப்பு மாறிவிட்டது, ஆனால் பட்டறைகளில் பழைய பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் புதிய பினியன் தொகுதியையும் 'பெண்டிக்ஸ்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். சென்னையை அடுத்த பாடியில் 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் செல்ஃப் மோட்டார்களை நம் நாட்டிலேயே செய்து வருகிறது.

நம் ஊரும் இந்தச் சிறு சக்கரமும்

1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரத்தால் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. பின்னர் 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் கடும் மின்வெட்டு நிலவியது. அப்போது திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஜெனரேட்டர்களை நம்பியே ஓடின. நிட்டிங் மிஷின் நடுவில் நின்றால் துணியில் கோடு விழும். சாயத் தொட்டியில் ஓட்டம் நின்றால் நிறம் திட்டுத் திட்டாகும். தையல் பகுதி நின்றால் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் தாய்மாரின் அன்றைய வருமானம் குறையும். இவ்வளவும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பற்கள் ஒழுங்காகச் சேர்வதைப் பொறுத்தே இருந்தது.

மின்சாரம் போனதும் ஜெனரேட்டரைத் தானே கிளப்பும் பேனல்கள் இப்போது பல கம்பெனிகளில் உள்ளன. அவையும் விடாமல் சுற்றுவதில்லை. சில விநாடிகள் முயன்று, சிறிது ஓய்வு கொடுத்து, மறுபடி முயல்கின்றன. பெரும்பாலும் மூன்று முயற்சிகளோடு நிறுத்தி மணியடித்து ஆளைக் கூப்பிடுகின்றன. பொறுமை இயந்திரத்துக்கே கற்பிக்கப்பட்டிருக்கிறது!

நாம் கவனிக்க வேண்டியவை

வண்டி வைத்திருக்கும் பெற்றோர்களுக்கும், நாளை வண்டி ஓட்டப் போகும் தோழியர்க்கும் சில குறிப்புகள்:

1. எஞ்சின் எழுந்ததும் சாவியை உடனே விட்டுவிட வேண்டும்.

2. ஓடுகிற எஞ்சினுக்கு மறுபடி செல்ஃப் போடக் கூடாது. 'கிர்ர்' என்ற ஓசை பற்கள் தேயும் ஓசை.

3. எஞ்சின் நின்றுவிட்டால் சில விநாடிகள் பொறுத்தே மீண்டும் முயல வேண்டும். நிற்கும் தறுவாயில் ஃபிளைவீல் சற்றே பின்பக்கமாக ஆடும். அந்நேரம் பினியன் போய்ச் சேர்ந்தால் பல் உடையும்.

4. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றவிடாமல், ஒரு நிமிடமாவது மோட்டாரை ஆறவிட வேண்டும்.

5. மோட்டார் 'விர்ர்' என்று சுழன்றும் எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸைச் சோதிக்க வேண்டும். 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டால் முதலில் பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களுள் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே ரிங் கியரும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் தேயும். ஒரே இடத்தில் மட்டும் செல்ஃப் எடுக்காமல் தொல்லை தரும் வண்டியின் நோய் பல சமயம் இதுவே. இதை அறிந்தால் மெக்கானிக்கிடம் விவரமாகப் பேசலாம், வீண் செலவும் குறையும். இத்தகைய அறிவு ஆண்களுக்கே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. தையல் மிஷினின் ஓசை மாறினாலே எங்கே பழுது என்று கண்டுபிடிக்கும் தாய்மார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதே காதுதான் இதற்கும் வேண்டும்.

அண்மைக் காலப் பல ஸ்கூட்டர்களில் மின்சாரம் உண்டாக்கும் கருவியே எஞ்சினைச் சுற்றிவிடுவதால் அங்கே பினியன் இல்லை. மின்சார வண்டிகளுக்கு ஸ்டார்ட்டரே வேண்டாம். ஆயினும் டீசல் எஞ்சின் உள்ள வரை பெண்டிக்ஸும் இருக்கும்.

வலிமை மிக்க ஒன்றை எழுப்பப் புறப்படும் சிறியது, முட்டி மோதாமல் சேர்கிறது, அதிர்ச்சியைத் தாங்குகிறது, எழுப்பிய பின் தான் விலகி நிற்கிறது. பேருந்து ஓடும்போது அதை யாரும் நினைப்பதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் நம்மை எழுப்பிவிட்டுப் பின்னே நிற்பவர்களையும் நாம் அப்படித்தான் மறந்துவிடுகிறோம். மறவாதிருப்போமாக!