முகம் மறைந்தால் முறையும் மறையலாமா?

வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் வந்தால் நம் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், ஸலாம் சொல்கிறார்கள், உள்ளே சென்று தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். வாப்பும்மா ஒரு குரல் கொடுத்தால், 'இதோ வந்துட்டேன்' என்று ஓடி வருகிறார்கள். இந்த நல்ல பழக்கங்கள் நம் இல்லங்களை விட்டு இன்னும் அகன்றுவிடவில்லை. ஆனால் அதே பிள்ளை கைப்பேசியைக் கையில் எடுத்ததும் வேறு ஒருவராக மாறிவிடுவதைக் கண்டு எத்தனையோ பெற்றோர் மனம் புழுங்குகின்றனர்.

குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெரியத்தா ஒரு செய்தியை அனுப்புகிறார். '16 வயதுத் தம்பி மகன், 40 பேர் பார்க்க, 'இதெல்லாம் பொய், சும்மா ஃபார்வர்டு பண்ணாதீங்க' என்று பதில் போடுகிறான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சொன்ன விதம் சரிதானா? அதற்குக் கீழே இன்னொரு பிள்ளை ஒரு கேலிப் படத்தை ஒட்டுகிறது. மறுநாள் பெரியத்தா குழுவை விட்டு விலகிவிடுகிறார். சில மாதங்கள் கழித்து நிக்காஹ் அழைப்புக்குச் செல்லும்போதுதான் அந்தக் காயம் ஆறாமல் இருப்பது தெரிய வருகிறது. இரண்டு வரியில் எழுதியதைத் தீர்த்து வைக்க, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் கூடி உட்கார வேண்டியதாகிறது. இப்படிப்பட்ட மனத்தாங்கல் ஏதேனும் ஒரு வடிவில் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் இன்று குறைவு.

'பிள்ளை கெட்டுவிட்டான்' என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன், நேரில் அடக்கமாக இருப்பவன் திரையில் ஏன் துடுக்காகிறான் என்று நாம் சற்றே சிந்திக்க வேண்டும்.

காரணம் எங்கே இருக்கிறது?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் சூலர், 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். இணையத்தில் மனிதர்களின் கட்டுப்பாடு தளர்ந்து போவதற்கு அவர் பல காரணங்களைக் காட்டினார். எழுதுபவரின் பெயர் மறைந்திருக்கலாம். அவருடைய உருவம் தெரிவதில்லை. எழுதிய உடனே எதிர்வினையைச் சந்திக்க வேண்டியதில்லை. பெரியவர், சிறியவர் என்ற ஏற்றத்தாழ்வு திரையில் மங்கிவிடுகிறது.

குடும்பக் குழுவில் பெயர் ஒன்றும் மறைந்திருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் மற்ற மூன்றும் அங்கே இருக்கின்றன. சாச்சாவிடம் நேரில் குரலை உயர்த்தும் பிள்ளை, அவர் முகம் வாடுவதைக் கண்டதும் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளும். அருகில் இருக்கும் உம்மாவின் ஒரு பார்வை போதும், நாக்கு தானே அடங்கும். திரையிலோ வாடும் முகமும் இல்லை, தடுக்கும் பார்வையும் இல்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எழுத்தில் தொனி இல்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்கள் சிலர் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் மின்னஞ்சலில் எழுதினர். குரலிலும் சொல்லிப் பார்த்தனர். பத்தில் ஏறத்தாழ எட்டு சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அவர்கள் நம்பினர். குரலைக் கேட்டவர்கள் 73 விழுக்காடு சரியாகக் கண்டுபிடித்தனர். எழுத்தைப் படித்தவர்களோ 56 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை! 'விளையாட்டாகத்தானே எழுதினேன்' என்று நம் பிள்ளை கண் கலங்கச் சொல்லும்போது அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த விளையாட்டு அவன் மனத்தில் இருந்தது, எழுத்தில் ஏறவில்லை.

கடிதம் தந்த பயிற்சி

முகம் காணாமல் பேசுவது நம் சமுதாயத்துக்குப் புதிய செய்தியன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பிழைத்தவர்கள். அவர்களையும் வீட்டையும் இணைத்து வைத்தவை கடிதங்களே. தமிழ் எழுத்து அறியாத மூதாட்டிகள் அரபுத் தமிழில் எழுதினார்கள். பின்னாளில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊரிலிருந்து செல்பவரின் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் கடிதத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் ஸலாம். பின்பு உடல்நலம் விசாரிப்பு. வாப்பும்மா, உம்மும்மா, மாமா, மாமி, அண்டை வீட்டார் என்று வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்ட பிறகுதான் சொல்ல வந்த செய்தி. மனத்தாங்கல் இருந்தாலும் அது கடிதத்தின் நடுவில்தான் வரும். அதற்குள் எழுதுபவரின் கோபம் பாதி தணிந்திருக்கும். உறையை ஒட்டித் தபாலில் சேர்ப்பதற்குள் மறுபடியும் ஒருமுறை யோசிக்க நேரம் கிடைக்கும். கடிதத்தின் வடிவமே எழுதுபவருக்கு நிதானத்தைப் பழக்கியது.

நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுத்த கருவியில் அந்த இடைவெளி இல்லை. கோபம் வந்த நொடியும் செய்தி போய்ச் சேரும் நொடியும் ஒன்றாகிவிட்டன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் படிப்பதற்காகவே பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வந்து சேர்ந்தது. எப்படிப் பாடம் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தோம். எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இந்தியாவின் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட 'அசர் 2024' கல்வி ஆய்வின்படி, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு மேல் ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்தவர்கள். அவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு.

எல்லாமே மரியாதைக் குறைவா?

பெற்றோர்களே, இங்கே நாம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மைச் சினமூட்டும் எல்லாமே ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

முதல் வகை, வெறும் வழக்க வேறுபாடு. நாம் நான்கு வரி எழுதினால் 'ஓகே' என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. கட்டை விரல் படம் ஒன்று வருகிறது. நீலக் குறி விழுந்து ஒரு மணி நேரமாகியும் பதில் இல்லை. இவற்றில் பெரும்பாலும் அவமதிப்பு இல்லை. தம் நண்பர்களோடும் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். 'பெரியவர்களுக்கு எழுதும்போது முழுதாக ஒரு வாக்கியம் எழுது' என்று அன்பாகச் சொன்னால் போதும்.

இரண்டாம் வகை, உண்மையான மரியாதைக் குறைவு. பலர் முன்னிலையில் மூத்தவரைத் தட்டிப் பேசுதல், 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்டல், எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தல் ஆகியவை இதில் அடங்கும். இதைக் கண்டும் காணாமல் விடுவது பிள்ளைக்கு நாம் செய்யும் தீங்கு. பெரியவர் அனுப்பிய செய்தி தவறாக இருந்தால், 'பெரியத்தா, இது பழைய செய்தி போலத் தெரிகிறது' என்று தனியாக எழுதலாம் அல்லவா? உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லும் இடத்தையும் சொல்லையும் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாம் வகை, கொடுமை. இதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

கேலி எல்லை தாண்டும்போது

வகுப்புப் பிள்ளைகளின் குழுக்களில் ஒருவனின் நிறம், உடல் பருமன், திக்குவாய், குடும்பத்தின் ஏழ்மை ஆகியவை மீம்களாகின்றன. பட்டப்பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால் பள்ளி முடியும்வரை அது போவதில்லை. தனிமையில் நம்பிச் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்கே காட்டுகிறார்கள். திருமணத்தில் எடுத்த படத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையின் முகத்தை மட்டும் வெட்டி, ஏதேனும் வாசகம் எழுதிச் சுற்றுக்கு விடுகிறார்கள். பரிகாசம் செய்வதையும் பட்டப்பெயர் சூட்டிப் பழிப்பதையும், துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் அடுத்தடுத்த இரு வசனங்களில் தடுத்திருக்கிறது. ஓதத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, அந்தத் தடை கைப்பேசிக்கும் உரியது என்று எடுத்துச் சொன்னோமா?

இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. இப்படிப் பாதிக்கப்படும் பெண் பிள்ளைகள் பலர் வீட்டில் வாய் திறப்பதில்லை. ஏன்? சொன்னால் முதலில் கைப்பேசி பறிக்கப்படும். அடுத்து 'நீ ஏன் படத்தை வைத்தாய்' என்று கேள்வி வரும். அதற்கும் அடுத்து படிப்பே நின்றுபோகலாம். தவறு செய்தவன் வழக்கம்போல் பள்ளிக்குச் செல்ல, பாதிக்கப்பட்டவள் வீட்டில் முடங்க வேண்டுமென்றால் அது என்ன நியாயம்? 'உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்களிடம் சொல். படிப்பை நிறுத்த மாட்டோம்' என்ற உறுதியைப் பிரச்சினை வருவதற்கு முன்பே நம் மகள்களுக்குக் கொடுத்து வைக்க வேண்டும்.

அப்படி ஏதேனும் நேர்ந்தால் பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். செய்திகளையும் படங்களையும் சான்றாகப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் அனுப்பியவரைத் தடை செய்யுங்கள். இந்திய அரசின் இணையக் குற்றப் புகார் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் வெளியிடாமலே பதிவு செய்ய முடியும். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

ஆண் பிள்ளைகளிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரை ஆபாசமாகக் காட்டும் படத்தைப் பரப்புவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டுவரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. குற்றம் செய்தவனும் சிறுவனாக இருந்தால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்தின் முன் செல்லும். 'நான் எடுக்கவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது தப்பிக்கும் வழியாகாது.

பெரியவர்களின் பங்கு

பிள்ளைகளைக் குறை கூறும் நாம் அந்தக் குழுக்களில் எப்படி நடந்துகொள்கிறோம்? மகனின் மதிப்பெண்ணை அவனைக் கேட்காமலே குழுவில் போட்டு, 'சாச்சா மகனைப் பார்' என்று ஒப்பிடுகிறோம். மகள் வேண்டாமென்று சொல்லும் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறோம். உண்மையா பொய்யா என்று பாராமல் வந்ததையெல்லாம் அனுப்புகிறோம். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான் வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020இல் அந்த வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இது பிள்ளைகளால் மட்டும் வந்த நிலையா?

பிள்ளை தவறாக எழுதிவிட்டால், அந்தக் குழுவிலேயே அவனைக் கடிந்துகொள்வது பலரின் வழக்கம். 40 பேர் முன் தலை குனிய வைக்கப்பட்ட பிள்ளை திருந்துவதைவிட முறுக்கிக்கொள்வதே மிகுதி. திருத்தம் தனிமையில் நடக்கட்டும். மன்னிப்பு மட்டும், காயம் பட்ட இடத்துக்குச் சென்று சேரட்டும்: குழுவில் ஒரு வரி, பிறகு நேரில் சென்று ஒரு ஸலாம். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், உம்மா ஒருவரே இதைச் சுமக்க நேரிடுகிறது. வாப்பாவும் வீடியோ அழைப்பில் வசை பாடுவதைத் தவிர்த்து, உம்மாவின் சொல்லுக்கு வலுவூட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10ஆம் நாள் முதல், 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கச் சட்டம் தடை விதித்துள்ளது. அந்தத் தடையிலும் வாட்ஸ்அப் போன்ற செய்திப் பரிமாற்றச் சேவைகள் அடங்கவில்லை. சட்டம் வாசலை அடைக்கலாம். பேசும் முறையை வீடுதான் கற்பிக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாமல் ஒரு வக்து கழியட்டும் என்று பழக்குங்கள். அஸருக்குப் பின் எழுதியதை மஃரிபுக்குப் பின் படித்துப் பார்த்தால், பாதியை அவர்களே அழித்துவிடுவார்கள்.

அனுப்புவதற்கு முன், பெறுபவர் எதிரில் அமர்ந்திருப்பதாக எண்ணி ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூசும் சொல்லை விரலாலும் எழுதலாகாது.

வருத்தம் தரும் செய்தியை எழுத்தில் சொல்லாமல், அழைத்துப் பேசச் சொல்லுங்கள். குரலில் இருக்கும் கனிவு எழுத்தில் வராது.

ஒருவரின் படத்தையோ தனிப்பேச்சையோ அவரைக் கேட்காமல் பிறருக்கு அனுப்புவதில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். பெற்றோரும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள்.

அனுப்பிய செய்தியை அனைவருக்கும் அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2017இல் கொண்டு வந்தது. 2022இல் அதற்கான அவகாசத்தை இரண்டு நாள்களுக்கும் சற்று மேலாக நீட்டியது. திரையிலிருந்து செய்தி அழிந்துவிடும். அதற்குள் படித்துவிட்ட பெரியத்தாவின் மனத்திலிருந்து அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை. இதை மட்டும் நம் பிள்ளைகள் உணர்ந்துகொண்டால், முகம் தெரியாத இடத்திலும் முறை தவற மாட்டார்கள். இன்றிரவு உணவுக்கு அமரும்போது கைப்பேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இது பற்றி அவர்களோடு பேசத் தொடங்குங்கள். அவர்களுக்கும் நம்மிடம் சொல்ல மனக்குறைகள் இருக்கும். அவற்றையும் காது கொடுத்துக் கேளுங்கள்.