பெய்ஜிங்கில் ஒரு சிலை

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வளர்ந்தவர் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரி. அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் இரண்டு முறை நட்சத்திர அணிக்குத் தேர்வானவர். அங்கே வாய்ப்பு மங்கியதும், 2010-இல் சீனாவுக்குப் போனார். முதலில் சான்சி அணி, அடுத்து ஃபோஷான் அணி, 2011-இல் பெய்ஜிங் டக்ஸ். அதுவரை சீன லீக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லாத அணி அது! மார்பரி சேர்ந்த முதல் பருவத்திலேயே, 2012-இல், கோப்பை கைக்கு வந்தது. 2014, 2015-இல் மறுபடியும். ஊர்விட்டு ஊர் வந்த ஆட்டக்காரரைப் பெய்ஜிங் மக்கள் தங்கள் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை பெரிய மனசு! அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். அவர் கதை இசை நாடகமாகவும் அரங்கேறியது. அதில் மார்பரியாக நடித்தவர், மார்பரியேதான்.