காயம்பட்ட குதிரையை வீட்டில் பேணும் முறை

உழவுக்கும் பாரத்துக்கும் எருதே நமக்கு உற்ற துணை. எனினும் குதிரை வளர்க்கும் ஆசை நம் கிராமங்களை விட்டு நீங்கிவிடவில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குச் சென்றவர்கள், காட்டியவார், மார்வார் ஜாதிக் குதிரைகளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கண்டிருப்பார்கள். பெரும் பொருள் கொடுத்து இவற்றை வாங்கும் மிராசுதார்கள், எருதின் புண்ணை ஆற்றிய கைப்பழக்கமே குதிரைக்கும் போதுமென்று எண்ணிவிடுகிறார்கள். இவ்வெண்ணம் பிசகானது.

சில வருஷங்களுக்கு முன் நான் விதைநெல் விஷயமாக ஒரு மிராசுதாரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாட்களுக்கு முன் தம் குதிரையின் குளம்பில் ஆணி தைத்ததாகவும், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சளைக் குழைத்து அப்பியதாகவும் அவர் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். துவாரம் மூடிக்கொண்டிருந்தது, இரத்தமும் இல்லை. “ஆறிவிட்டது” என்று சொல்லி, நெல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பன்னிரண்டாம் நாள் அக்குதிரை கழுத்தைத் திருப்ப மாட்டாமல், நான்கு கால்களையும் அகற்றி மரக்கட்டைபோல் நின்றது. இரண்டு தினங்களில் இறந்தது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதற் காரியம்

அடிபட்ட குதிரை மிரண்டிருக்கும். பின்புறமாக அணுகாமல், தோட்பக்கமாகப் பேசிக்கொண்டே சென்று, தலைக்கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, பத்து நிமிஷம் விடாமல் அழுத்துக. நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பது உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துக. பிரகாசமான சிவப்பு இரத்தம் பீறிட்டு வருமாயின் தமனி அறுபட்டதென்று அறிந்து, அழுத்தத்தைத் தளர்த்தாமல் மிருக வைத்தியருக்கு உடனே ஆள் அனுப்புக.

ஓய்வாயிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரையும், சுவாசம் 8 முதல் 16 வரையும், உடற்சூடு பாரன்ஹீட் 99 முதல் 101 டிகிரி வரையும் இருப்பது இயல்பு. தாடையெலும்பின் கீழ்விளிம்பில் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். இவ்வெண்களைக் குறித்துவைத்துச் சொன்னால் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

கழுவுதலும் கட்டுதலும்

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் இரண்டு சிறு தேக்கரண்டி உப்பை, தலைதட்டி அளந்து, கரைக்க வேண்டும். இந்நீரைத் தாராளமாக ஊற்றி மண்ணையும் சாணத்தையும் போக்குக. சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய், காப்பித்தூள் முதலியவற்றை அப்பலாகாது. நீர் கலவாத கிருமிநாசினியும் புதிய சதையை எரித்துவிடும். மேலும், தைக்க வேண்டிய காயத்தில் எதையேனும் பூசிவிட்டால் வைத்தியரின் வேலை கெடும். சில மணி நேரத்துக்குள் தைத்த காயமே நன்றாகக் கூடும்.

முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதை மிகக் குறைவு. ஆதலால் அங்கே பட்ட புண் தாமதமாகவே ஆறும்; துர்மாமிசம் வளர்ந்து புண்ணின் வாயைத் தள்ளி நிற்பதும் உண்டு. அதை வீட்டில் சுடவோ அறுக்கவோ முயலக்கூடாது. கட்டுப் போடும்போது துணிக்கும் தோலுக்கும் இடையே பஞ்சைத் தடிப்பாக வைத்து, கால் முழுவதும் ஒரே சீராகச் சுற்றுக. தினந்தோறும் அவிழ்த்துப் பார்த்து மாற்றுக.

மூட்டின் அருகே பட்ட காயம் ஊசிமுனை அளவே ஆயினும் அபாயகரமானது. அதிலிருந்து மஞ்சள் நிறமான வழுவழுப்புள்ள நீர் கசிந்தால் மூட்டுப்பை திறந்துவிட்டதென்று அறிக. அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

குளம்பில் ஆணி தைத்திருந்தால், குதிரையை நடத்தாமல் நிறுத்தி, வைத்தியர் வரும்வரை ஆணியை அப்படியே விட்டுவைப்பது நலம். அது சென்ற வழியும் ஆழமும் அவருக்குத் தெரிய வேண்டும். மேலும் உள்ளே ஏறிவிடுமென்ற பயமிருந்தால் மட்டும் பிடுங்கி, இடத்தை அடையாளமிட்டு, ஆணியைப் பத்திரப்படுத்துக.

தனுர்வாயு

இந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. காற்றுப்புகாத ஆழமான துவாரமே அதற்கு உகந்த இடம். புண்ணின் வாய் மூடியது சுகத்துக்கு அடையாளமல்ல. வீட்டு மிருகங்களுள் குதிரையே இதற்கு மிக எளிதில் இரையாவது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் மூன்று வாரங்களுக்குள் குறிகள் தோன்றும்: விறைப்பான நடை, தூக்கிய வால், நிமிர்ந்த காது, கண்ணின் உள்மூலையிலிருந்து படரும் சவ்வு, திறக்க இயலாத வாய். குறி கண்டபின் பிழைப்பவை சிலவே. முன்னதாகத் தடுப்பூசி இரண்டு முறை, நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் போட்டு, பின்னர் வைத்தியர் கூறும் காலத்தில் புதுப்பித்துவந்தால் பயமில்லை. போடாத குதிரைக்குக் காயம்பட்டால், அன்றே வைத்தியரிடம் சொல்லி விஷமுறிவு ஊசி போடுவிக்க வேண்டும்.

ஆகாரமும் லாயமும்

வேலை நின்ற அன்றே கொள்ளையும் குறைக்க வேண்டும். லாயத்தில் நிற்கும் குதிரைக்கு வழக்கம்போல் தானியம் வைத்தால் வயிற்றுவலியும், தசைப்பிடிப்பும், குளம்பழற்சியும் உண்டாகும். நல்ல உலர்ந்த புல்லும், நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை சுத்தமான நீரும் இருந்தாற்போதும். லாயத்தை ஈரமின்றி வைத்து, ஈயை ஓட்டுக.

மனிதர்களுக்கான வலிமாத்திரையைக் கொடுத்தல் தகாது. டைக்ளோபினாக் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்கு உபயோகிப்பது 2006-ஆம் ஆண்டிலேயே நம் தேசத்தில் தடுக்கப்பட்டது. அம்மருந்து ஏறிய கால்நடைகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் மடிந்தமையே காரணம்.

கிராம அதிகாரிகளுக்கு

காலின் உட்புறத்தில் கயிறுபோல் தடித்து, வரிசையாக முடிச்சுகள் எழும்பி, உடைந்து ஆறாமல் ஒழுகினால், அதைச் சாதாரணப் புண்ணென்று எண்ணற்க. கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். அது மனிதரையும் பற்றும். வெறுங்கையால் தொடாமல் குதிரையைத் தனியே கட்டுக. பிராணிகளின் தொற்றுநோய் பற்றிய 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொந்தக்காரர் இத்தகைய நோயைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அங்கிருந்து மிருக வைத்தியருக்குச் செய்தி போக வேண்டும்.

முற்கூறிய மிராசுதார் பின்பு வேறொரு குதிரை வாங்கினார். அதை லாயத்தில் கட்டுவதற்கு முன்னரே தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றார். சென்ற வருஷம் அது முள்கம்பியில் மாட்டி முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. உப்புநீர், பஞ்சு, கட்டு, குறைந்த ஆகாரம், இரண்டு மாதப் பொறுமை. இவ்வளவே வைத்தியம், தையல் போட்டது தவிர. இப்போது தழும்பு மட்டுமே இருக்கிறது. நான் அவ்வூருக்குச் செல்லும்போதெல்லாம், நெல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதன் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்துவிட்டே திண்ணையில் உட்காருகிறேன்.