மிளகாய்ச் சூடும் மலைக் குளிரும்

மலேசியாவின் பினாங்குத் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதிகாலை நான்கு மணி, ஐந்து மணி என்று நினைத்துவிடாதீர்கள். கடிகாரம் ஆறே முக்கால் காட்டும். பல் துலக்கி, குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் சூரியனையே காணோம்! வருஷத்தின் சில மாதங்களில் அவர் ஏழரை மணியை ஒட்டித்தான் எட்டிப் பார்ப்பார்.

என் சித்தி குடும்பம் பினாங்கில் இருக்கிறது. அவர்களோடு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. "பசியாறிட்டீங்களா?" என்று சித்தி கேட்டபோதும் வெளியே இருட்டுதான். அங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். அருமையான தமிழ். நாம் அதை விட்டுவிட்டு 'டிபன்' சாப்பிடுகிறோம்.

சரி, சூரியன் ஏன் அங்கே சோம்பேறி ஆனார்? அவர்மேல் குற்றம் இல்லை. கடிகாரத்தை மனிதர்கள் திருப்பி வைத்திருக்கிறார்கள். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியாவின் கடிகாரம் கிழக்கே 82.5 பாகையில் உள்ள தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. மலேசியாவின் கடிகாரம் 120 பாகையை வைத்து ஓடுகிறது. வித்தியாசம் 37.5 பாகை. நான்கால் பெருக்கினால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். நம்மைவிட அவர்கள் அவ்வளவு முந்தி இருக்கிறார்கள்.

ஆனால் பினாங்கு 120 பாகையில் இல்லையே! அது ஏறக்குறைய 100.3 பாகையில் இருக்கிறது. அந்த 19.7 பாகைக்கு 79 நிமிடம். அதனால் அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் பகல் ஒன்று இருபது ஆகியிருக்கும். நாட்டின் இன்னொரு பகுதி கிழக்கே போர்னியோ தீவில் இருக்கிறது. இரண்டு பகுதிக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவு செய்து, 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு மேற்குப் பகுதிக் கடிகாரங்களை அரை மணி நேரம் தள்ளி வைத்து நேரே பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். அந்த அரை மணி நேரம் அங்கே யாருடைய வாழ்க்கையிலும் வரவே இல்லை.

விடிந்த பிறகு பினாங்கு மலைக்குப் போனோம். கூடவே சித்தியின் பேத்தியும் வந்தாள். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கேள்வி கேட்பதில் பத்தாம் ஆண்டு!

இந்த மலைக்கு ஏற ஒரு ரயில் உண்டு. 1923-இல் ஓடத் தொடங்கியது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். 2011 முதல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே பெட்டி. பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம், நல்ல செங்குத்து. ஆனால் பெட்டியில் எஞ்சினே கிடையாது.

"அப்ப யாரு மாமா தள்ளுறா?" என்றாள்.

யாரும் தள்ளுவதில்லை. மேலிருந்து ஓர் எஃகுக் கயிறு இழுக்கிறது. அந்தக் கயிற்றின் ஒரு முனையில் நம் பெட்டி, மறு முனையில் இன்னொரு பெட்டி. இரட்டை வாளி கட்டிய கிணற்று ராட்டினம் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வாளி மேலே வரும்போது மற்றது கீழே போகும். அதே ஏற்பாடுதான். இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிற பெட்டியைத் தூக்க உதவுகிறது. பெட்டிகள் இரண்டும் ஒரே எடை என்பதால் அவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மேலே கயிற்றை இழுக்கும் மோட்டார் சுமக்க வேண்டியது பெரும்பாலும் பயணிகளின் எடை வித்தியாசத்தை மட்டுமே. அதோடு கொஞ்சம் உராய்வும் உண்டு. பாதை ஒற்றைத் தண்டவாளம். நட்ட நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். இரண்டு பெட்டிகளும் எப்போதும் சரியாக அந்த இடத்தில்தான் சந்திக்கும். கயிறு ஒன்றுதானே, வேறெங்கே சந்திக்க முடியும்? எதிர்ப் பெட்டியில் இருந்தவர்களுக்கு அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன். பெரியவர்கள் அசைக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.

பாதி வழியில் காது அடைத்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 700 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய நூற்றில் எட்டுப் பங்கு குறைந்துவிடும். காதுக்குள் அடைபட்ட காற்று மட்டும் கீழே இருந்த அழுத்தத்திலேயே இருப்பதால் செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. எச்சில் விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள சிறு குழாய் திறந்து சமமாகிவிடும். அவள் பையில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டும் உப்பிப்போய் இருந்தது. பாவம், அதற்கு விழுங்கத் தெரியாது.

மேலே இறங்கியதும் குளிர். கீழே வியர்த்துக் கொட்டிய உடம்பு இங்கே சிலிர்த்தது. உடனே கேள்வி வந்தது: "மேல வந்தா சூரியனுக்குக் கிட்ட வந்துட்டோம்ல மாமா? இன்னும் சூடால்ல இருக்கணும்?"

நியாயமான கேள்வி. பெரியவர்களில் பாதிப் பேர் இதற்குத் திணறுவார்கள். முதலில் தூரத்தைப் பாருங்கள். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாம் ஏறியது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அது கணக்கிலேயே வராது. அடுத்து, காற்று எப்படிச் சூடாகிறது? வெயில் காற்றின் வழியாகப் பெரும்பாலும் அப்படியே கடந்து தரையில் விழுகிறது. தரை சூடாகி, அது தன்னைத் தொடுகிற காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும். மேலே அழுத்தம் குறைவு, அதனால் அந்தக் காற்று விரிகிறது. விரிகிற காற்று குளிரும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் சூடு, விரியவிட்டால் குளிர். சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. பினாங்கு மலையின் மிக உயரமான சிகரம் 833 மீட்டர் என்பதால், கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி போலக் குறைவு. நம் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் அங்கே ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது.

உச்சியில் ஒரு முருகன் கோவிலும் ஒரு பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. கும்பிட்டுவிட்டு, கடலைத் தாண்டிப் போகும் பினாங்குப் பாலத்தைப் பார்த்தோம். 1985-இல் திறந்தது, பதின்மூன்றரை கிலோமீட்டர். மரத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இலைக்குரங்குகள். அம்மா குரங்கு கருஞ்சாம்பல், குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு! இவை இலையை நிறையத் தின்னும். பசுவுக்கு இருப்பதுபோல் அறைகள் கொண்ட வயிறு, அதில் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்க உதவும் நுண்ணுயிரிகள். பிஸ்கட் கொடுத்தால் அந்த வயிறு கெட்டுப்போகும். கொடுக்காதீர்கள்.

இறங்கி வந்ததும் எங்கள் வயிற்றின் முறை. பினாங்குக்குப் போய் நாசி கண்டார் சாப்பிடாமல் வந்தால் சித்தப்பா மன்னிக்க மாட்டார். முன்பு தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு தண்டின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றார்கள். அந்தச் சாப்பாடுதான் இன்று கடை கடையாக நிற்கிறது. சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு என்று எல்லாவற்றையும் கலந்து ஊற்றுவார்கள். "பாஞ்சிர்" என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவார்கள். சித்தப்பா கேட்டார்.

இரண்டாவது வாயிலேயே எனக்கு மூக்கில் நீர், நெற்றியில் வியர்வை. இங்கேதான் அன்றைய நாளின் மிகச் சுவையான அறிவியல் இருந்தது. காரம் என்பது ஒரு சுவையே இல்லை! இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றை அறிய நாக்கில் சுவை மொட்டுகள் உண்டு. காரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்புகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த நரம்பு முனையில் ஒரு புரதக் கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, "சுடுகிறது!" என்று மூளைக்குத் தகவல் போகும். கேப்சைசின் அந்தக் கதவைச் சூடு இல்லாமலே திறந்துவிடும். வாய் வெந்துபோவதாக நம்பி மூளை பதறுகிறது. உடம்பைக் குளிர்விக்க வியர்வையை அனுப்புகிறது. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். மிளகாயை வைத்தே அந்தக் கதவைத் தேடிப் பிடித்தார். 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பறவைகளுக்கு மட்டும் இந்த ஏமாற்று வேலை பலிக்காது. அவற்றின் கதவு கேப்சைசினுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ஆனந்தமாகத் தின்னும். செடிக்கும் இதில் லாபம் உண்டு. எலி போன்ற பாலூட்டிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும். காட்டு மிளகாயைத் தின்னும் சின்னப் பறவைகளோ அப்படியே விழுங்கி வேறெங்கோ எச்சத்தோடு போடும், அங்கே புதுச் செடி முளைக்கும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்து ஏறக்குறைய 500 ஆண்டுதான் ஆகிறது. அதற்குமுன் நம் முன்னோர் மிளகை வைத்துத்தான் கண்ணீர் விட்டார்கள்.

காரம் தாங்காமல் தண்ணீரைக் குடித்தேன். பயனில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். பாலில் உள்ள கேசின் என்ற புரதமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தயிரோ மோரோ கைகொடுக்கும். சித்தப்பா வரவழைத்ததோ தே தாரிக் என்ற பால் தேநீர். சூடாகக் குடித்திருந்தால் தொலைந்தேன். ஏற்கெனவே மிளகாய் திறந்துவைத்த கதவு, வெதுவெதுப்பான தேநீரையே கொதிநீர் என்று அலறும்.

நல்லவேளை, கடைக்காரர் அதை ஆற்றித்தான் கொடுத்தார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொரு கைக் குவளைக்கு ஒரு முழத்துக்கும் அதிக நீளத்தில் இழுத்து இழுத்து ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை! நம் ஊர் டீக்கடை அண்ணன்கள் செய்கிற வேலைதான். மெல்லிய தாரையாக விழும்போது தேநீரின் பெரும்பகுதி காற்றைத் தொடுகிறது, நீராவி வேகமாக வெளியேறுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகப் போக ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 200 கிராம் தேநீரில் ஒரே ஒரு கிராம் ஆவியானால் போதும், மிச்சமிருக்கும் தேநீர் இரண்டரை டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். மேலே நுரை நிற்பதற்குப் பாலில் உள்ள புரதம் காரணம். காற்றுக் குமிழிகளைச் சுற்றித் தோல் போட்டு உடையாமல் வைத்திருக்கும்.

மாலையில் செண்டோல். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், கருப்பட்டி போன்ற பனைவெல்லப் பாகு, சிவப்பு பீன்ஸ், ரம்பை இலைச் சாற்றில் பச்சை நிறமேற்றிய அரிசிமாவு நூல்கள். அவசரமாக அள்ளிப் போட்ட பேத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது லா!" என்று கத்தினாள். திடீர்க் குளிரில் மேலண்ணத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிகின்றன. அந்த வலி நெற்றியில் இருப்பதாக மூளை தவறாக எண்ணிக்கொள்கிறது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திச் சூடேற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று.

பாதிக் கிண்ணம் உருகிய பிறகு அவள் புகார் மாறியது: "இப்ப ரொம்ப இனிப்பா இருக்கு." பாகு யாரும் கூட்டவில்லை. இனிப்பை உணரும் நாக்குச் செல்களில் உள்ள ஒரு புரதம் குளிரில் மந்தமாக வேலை செய்யும், சூடு ஏற ஏறச் சுறுசுறுப்பாகும். அதனால்தான் ஐஸ்கிரீமில் சர்க்கரையை அள்ளிக் கொட்டித் தயாரிக்கிறார்கள்.

நம்பிக்கை இல்லையா? இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டு ஒரே ஐஸ்கிரீமை இரண்டு கிண்ணத்தில் பிரித்து வையுங்கள். ஒன்று ஃப்ரீசரில் இருக்கட்டும், மற்றொன்றை முழுக்க உருகவிடுங்கள். தம்பி அல்லது தங்கையின் கண்ணைக் கட்டி இரண்டையும் ஒவ்வொரு கரண்டி ஊட்டி, எது அதிக இனிப்பு என்று கேளுங்கள். நடுவில் வாயைக் கொப்பளிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.