இடுப்புப் பிடிப்புக்கு முரட்டு அழுத்தம் வேண்டாம்

நடவு முடிந்து கரையேறும் ஆட்கள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெல்ல நிமிர்வதை எந்த வயற்காட்டிலும் காணலாம். நாற்றுப் பறி, நடவு, களையெடுப்பு, அறுவடை என்று குனிந்து செய்யும் வேலைகளே உழவில் அதிகம். பருவம் முடிவதற்குள் இடுப்பும் தோளும் பின்தொடையும் இறுகிப் போகின்றன. காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை போல் இருக்கிறது. சிறு விவசாயிக்கு இது வெறும் வலியோடு போவதில்லை. நடவு நேரத்தில் நாலு நாள் படுத்துவிட்டால் நாற்று முற்றிப்போகும். ஆள் வைத்தால் கூலி கையைக் கடிக்கும்.

இந்த இறுக்கத்தைப் போக்க உடம்பைப் பிடித்துவிடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். முறைப்படி செய்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி முதுகில் ஏறி மிதிப்பதும், முழங்கையால் இடிப்பதும் கெடுதலே செய்யும். பிடித்துவிடவே கூடாத வலிகளும் சில உண்டு. அவற்றை அறியாமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இறுக்கம் ஏன் வருகிறது?

ஆட்டிறைச்சி வெட்டும்போது தசையின் மேல் வெண்மையான மெல்லிய ஜவ்வு போர்த்தியிருப்பதைப் பார்க்கலாம். மனித உடலிலும் ஒவ்வொரு தசையையும், அதனுள் இருக்கும் நார்க்கற்றைகளையும் இத்தகைய ஜவ்வு உறைபோல் சுற்றியிருக்கிறது. இதைத் தசையுறை எனலாம். உறைகளுக்கு இடையே வழவழப்பான நீர்மம் உண்டு. அதனால்தான் ஒரு தசை மற்றொன்றின் மேல் உராயாமல் வழுக்கி நகர்கிறது. ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் இந்த நகர்வு குறைகிறது.

இடுப்பில் உள்ள உறை அகலமானது, தடித்தது. மேலே தோளிலிருந்து வரும் முதுகுத் தசையும், கீழே பிட்டத் தசையும் இதில் வந்து சேர்கின்றன. ஆகவே இடுப்பு வலிக்கிறது என்றால் இறுக்கம் இடுப்பில் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. பிட்டத்திலும் பின்தொடையிலும் இருக்கலாம். கைத்தெளிப்பான் வார் அழுத்தும் தோள் தசையில் உண்டாகும் இறுக்கம் நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரிவதும் உண்டு.

நெடுநேரம் குனிந்திருக்கும்போது முதுகுத் தசைகள் ஓய்ந்துவிடுகின்றன. உடம்பின் பாரத்தை உறைகளும் எலும்புகளை இணைக்கும் நார்களும் தாங்குகின்றன. பாரம் தொடர்ந்தால் அவை சற்று நீண்டு தளர்கின்றன. முதுகெலும்பின் பிடிமானம் குறைவதை உணர்ந்த நரம்புகள், தசைகளை இறுக்கி அதைக் காக்க முயல்கின்றன. நிமிரும்போது 'பிடித்துக்கொண்டது' என்பது பெரும்பாலும் இந்தக் காவல் இறுக்கமே.

பழக்கமில்லாத வேலை செய்தவருக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ வலி உச்சத்துக்கு வரும். தசையில் அமிலம் தேங்கியதே இதற்குக் காரணம் என்று பலர் கூறுவர். இது சரியல்ல. வேலையின்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் சுமார் 1 மணி நேரத்தில் அகன்றுவிடும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே வலிக்குக் காரணம். சில நாட்களில் அது தானே ஆறிவிடும்.

பிடித்துவிடுவதால் ஆவது என்ன?

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது 9 வகைப்படும். மேல்நாடுகளிலும் இத்தகைய முறைகள் வளர்ந்தன. ஜெர்மனியில் எலிசபெத் டிக் என்ற அம்மையார் 1929-ல் இணைப்புத் திசுவைத் தேய்க்கும் முறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஐடா ரால்ப் தசையுறைகளை ஆழமாக அழுத்தும் முறையை வகுத்தார். தசையில் தோன்றும் வலிமுடிச்சுகளைப் பற்றி ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவர்கள் 1983-ல் விரிவான நூல் வெளியிட்டனர்.

அழுத்தினால் உறை இழுபட்டு நீண்டுவிடும் என்று முன்பு கருதினார்கள். 2008-ல் வெளியான ஒரு கணக்கீடு இதை மறுத்தது. தொடையின் வெளிப்புற உறை, உள்ளங்கால் உறை போன்ற தடித்த உறைகளை நூற்றில் 1 பங்கு மாற்றுவதற்குக்கூட மனிதக் கையால் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும் எனத் தெரிந்தது. அப்படியானால் சுகம் எப்படிக் கிடைக்கிறது? நிதானமான அழுத்தம் தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு நுனிகளைத் தொடுகிறது, நரம்புகள் அமைதியடைகின்றன, காவல் இறுக்கம் தளர்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

மிரண்ட மாட்டை அடித்து இழுத்தால் மேலும் முரண்டு பிடிக்கும், தட்டிக்கொடுத்தால் அடங்கும். இறுகிய தசையும் அப்படியே. வலிக்க வலிக்க அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள மேலும் இறுகும்.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட நெறிமுறை, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பாக ஒத்தடம், பிடித்துவிடல் போன்றவற்றைச் செய்து பார்க்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட நெறிமுறையிலும் உடற்பயிற்சியோடு பிடித்துவிடல் இடம்பெற்றுள்ளது. இடுப்புப் பட்டை அணிவதை அது பரிந்துரைக்கவில்லை. பிடித்துவிடுவதால் கிடைக்கும் சுகம் குறுகிய காலத்துக்கே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிலைத்த குணத்துக்கு உடலசைவும், வேலை முறையில் மாற்றமும் தேவை.

செய்யும் முறை

1. முதலில் ஒத்தடம் கொடுக்க வேண்டும். வறுத்த தவிடு அல்லது உப்பைத் துணியில் முடிந்து, கைபொறுக்கும் சூட்டில் 15 முதல் 20 நிமிடம் ஒற்றலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியும் போதும். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, புண்ணாகிவிடும். அவர்களுக்குக் காலில் ஒத்தடம் கூடாது.

2. நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி போதும். கை வழுக்கிச் செல்வதற்கே எண்ணெய்.

3. வலிப்பவர் பாயில் குப்புறப் படுத்து, அடிவயிற்றுக்குக் கீழே மடித்த துணியை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், முதுகெலும்புக்கு இருபுறமும் உள்ள சதைப்பகுதியில் இடுப்பிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். எலும்பின் மேல் அழுத்தலாகாது.

4. கட்டியாகத் தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, 30 முதல் 90 விநாடி வரை அசையாமல் அழுத்தி, மெல்ல விடவேண்டும். பிட்டத்திலும் பின்தொடையிலும் இவ்வாறே செய்ய வேண்டும். பொறுக்க முடியாத வலியை 10 என்று கொண்டால், அழுத்தும்போது வலி 5-க்கு மேல் போகக்கூடாது. மூச்சை அடக்கினாலோ பல்லைக் கடித்தாலோ அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

5. மொத்தம் 15 நிமிடம் போதும். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை செய்யலாம். முடிந்ததும் எழுந்து சிறிது நடக்க வேண்டும். மறுநாள் லேசான வலி இருக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் ஒரு ரப்பர் பந்தைச் சுவருக்கும் முதுகுச் சதைக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, மெல்ல உருட்டிக்கொள்ளலாம்.

கழுத்தின் முன்புறம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் மேலாக ஓடுகின்றன. இங்கு ஆழமாக அழுத்தலாகாது. கர்ப்பிணிகள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்ந்த முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே செய்துகொள்ள வேண்டும்.

கை வைக்கக் கூடாத வலிகள்

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி: வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் வலி கண்டால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாகக் கிருமி புகுகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் நோய் தெரியும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். மருத்துவரிடம் வயல் வேலை செய்ததைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

மருந்து தெளித்த பின் தசைத் துடிப்பு: பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடலில் ஏறினால் தசைகள் துடிக்கும், வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும். இது பிடிப்பு அல்ல, நஞ்சு. உடைகளைக் களைந்து, சோப்பு போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தடித்த நாளில் சோப்பு போட்டுக் குளிக்காமல் உடம்பில் எண்ணெய் தேய்ப்பதும் தவறு. தோலில் ஒட்டிய மருந்தைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதாகும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகிச் சிவத்தல்: இரத்தம் குழாயில் உறைந்திருக்கலாம். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

மரத்திலிருந்தோ பரணிலிருந்தோ விழுந்தபின் வரும் முதுகு வலி: எலும்பு முறிவு இல்லை என்று தெரியும்வரை யாரும் தொடக்கூடாது.

கால் பலமிழத்தல், மறைவிடம் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை அல்லது வெளியேறாமை: நரம்பு நசுங்கியிருக்கிறது. அன்றே மருத்துவமனை சேர வேண்டும்.

இரவிலும் விடாத வலியோடு எடை குறைதல், மாலைக் காய்ச்சல்: முதுகெலும்பில் காசநோய் இருக்கக்கூடும்.

வயலிலேயே தடுக்கலாம்

நடவிலும் களையெடுப்பிலும் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து 5 முறை மெல்லப் பின்னால் வளைய வேண்டும். நடவாட்கள் அனைவரும் ஒரே நேரத்தில் செய்தால் வேலை வரிசை கெடாது.

குனிந்த வேலையை விட்டவுடன் மூட்டை தூக்குவது பெருந்தவறு. நீண்டு தளர்ந்த நார்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சற்று நேரமாகும். நிமிர்ந்து சிறிது நடந்த பிறகே பாரம் தூக்க வேண்டும். யூரியா மூட்டை 45 கிலோ. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. இவற்றை இருவராகத் தூக்குவதே நலம். தனியே தூக்க நேர்ந்தால் முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும்.

16 லிட்டர் தெளிப்பானில் நீரின் எடை மட்டும் 16 கிலோ. 10 லிட்டர் ஊற்றிக்கொண்டு இரண்டு நடை கூடுதலாக நடப்பது மேல். இரு வார்களையும் மாட்டிக்கொள்ள வேண்டும். மண்வெட்டிக்கும் களைக்கருவிக்கும் ஆளின் உயரத்துக்கு ஏற்பக் காம்பு போட வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவதை விட்டுவிட வேண்டும். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரேயடியாகப் படுத்திருப்பதைவிட, முடிந்தவரை நடமாடுவதே விரைவில் குணம் தரும். தணியாத வலிக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தப் பிரிவையோ பிசியோதெரபிப் பிரிவையோ அணுகலாம். மாட்டுக்குக் காலில் நோவு என்றால் அன்றே கவனிக்கும் விவசாயி, தன் உடம்பு நோவையும் அன்றே கவனித்தல் வேண்டும்.