வாக்குமூலத்துக்கு லிட்மஸ் தாள் உண்டா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் நம் மாவட்டத்து மக்கள் கூடலூருக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்திற்குச் சென்று வழிபடுகின்றனர். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைத் தீர ஆராயாமல் பாண்டியன் நம்பினான், கோவலன் உயிரிழந்தான், மதுரை எரிந்தது. இக்கதையை அறியாத தமிழர் இலர். ஆனால், தீர ஆராய்வது எப்படி? ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதை அவருடைய சொல்லைக் கொண்டே அறிந்துவிட முடியுமா? அமிலத்தைக் காட்டிக்கொடுக்க நம் ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் இருப்பதுபோல், பொய்யைக் காட்டிக்கொடுக்கவும் ஏதேனும் உண்டா? இதுபற்றி நான் படித்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. என் ஊர் பொட்டிபுரம். என் தந்தையார் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது அங்கே ஒரு மூட்டை குறைந்தது. புகார் காவல் நிலையத்துக்குப் போயிற்று. மூட்டையைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று அப்பாவைக் கேட்டார்கள். முதலில் செவ்வாய்க்கிழமை என்றார். பிறகு, "இல்லீங்கய்யா, புதன்கிழமை" என்றார். கை நடுங்கிற்று, தரையைப் பார்த்தபடியே பேசினார். "பேச்சு மாறுது, இவன்தான்" என்றார் விசாரித்தவர். ஒரு தாளில் ஏதோ எழுதிக் கைநாட்டும் வாங்கினார்கள். நான்காம் நாள் மூட்டை கிடைத்துவிட்டது. வேறொரு வியாபாரியின் சரக்கோடு தவறுதலாக லாரியில் ஏற்றியிருந்தார்கள். புகார் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அப்பா நெடுநாள் அந்தத் தெரு வழியே நடக்கவில்லை.

அச்சம் வேறு, பொய் வேறு

பண்டைக் காலத்தில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவரை அரிசியை மெல்லச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. அரிசி நனையாமல் வந்தால் அவர் குற்றவாளி! பயத்தில் நா வறளும் என்பது உண்மையே. ஆனால், வீண்பழிக்கு அஞ்சும் நிரபராதிக்கும் நா வறளுமே! இன்றைய பாலிகிராஃப் கருவியின் குறையும் இதுதான். அது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் வியர்வையையும் அளக்கிறது, பொய்யை அளப்பதில்லை. இக்கருவிச் சோதனை, மூளைச் சோதனை, மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றிச் செய்வது அரசியலமைப்புக்கு மாறானது என்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 5-5-2010 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொல்லில் தேடியவர்கள்

உடலை விட்டுச் சொல்லையே ஆராயலாம் என்றவர் ஜெர்மானிய உளவியலறிஞர் உண்டாய்ச். நேரில் பட்டறிந்ததைச் சொல்லும் சொல்லும், கற்பனையாகக் கட்டிய சொல்லும் தன்மையில் வேறுபடும் என்பது அவர் கொள்கை. இதன் வழியில் ஸ்டெல்லர், கோன்கென் என்ற இருவர் 1989இல் 19 அளவுகோல்களை வகுத்தனர். பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தைகளின் வாக்குமூலத்தை ஆராயவே இம்முறை முதலில் பயன்பட்டது. மெய் சொல்பவர் முன்னும் பின்னுமாகச் சொல்வார். வழக்குக்கு வேண்டாத சிறு விவரங்களையும் சேர்ப்பார். பிறர் பேசியதைப் பேசியவாறே சொல்வார். 'அது ஞாபகமில்லை' என ஒப்புக்கொள்வார். தம் பேச்சைத் தாமே திருத்திக்கொள்வார். பொய்யைக் கட்டுபவரோ, ஐயம் வந்துவிடுமோ என்று திருத்தத் தயங்குவார்.

இதைப் படித்தபோது என் கண் கலங்கியது. செவ்வாயைப் புதனாக அப்பா திருத்திக்கொண்டது பொய்யின் அடையாளமன்று. மெய்யின் அடையாளமாகவும் இருக்கலாம்!

எனினும் இந்த 19 அளவுகோல்களும் லிட்மஸ் தாள் அல்ல. சொல்வன்மை உள்ளவன் பொய்க்கும் விவரம் சேர்ப்பான். பேசத் தெரியாதவன் மெய்யையும் இரண்டே வரியில் முடித்துவிடுவான். பாண்ட், டிபாலோ என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். தனிக்கருவி எதுவுமின்றி மெய்யையும் பொய்யையும் மனிதர் பிரித்தறிவது சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 முறை சரியாகிவிடும்!

சாத்தான்குளம் கற்பித்தது

2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டுச் சில நாட்களில் உயிரிழந்தனர். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை கூறியது. அது தடுமாற்றமின்றி, முறையான நடையில் எழுதப்பட்ட அறிக்கை. ஆனால், அருகிலிருந்த கடையின் கேமராப் பதிவு அதற்கு மாறாக இருந்தது. உயர் நீதிமன்றம் அனுப்பிய நீதித்துறை நடுவரிடம் உண்மையைச் சொன்னவர் அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். அவரோ அஞ்சினார், சொன்னதில் கையெழுத்திடவும் தயங்கினார். நடுக்கத்தை மட்டும் கண்டு முடிவு செய்திருந்தால், அன்று யாரை நம்பியிருப்போம்?

இது யாருடைய சொல்?

வாக்குமூலத்தில் வேறொன்றையும் மொழி காட்டிக்கொடுக்கும். அது எழுதியவரின் கை. லண்டனில் மனைவியையும் குழந்தையையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எழுத்தறிவு குறைந்த திமோத்தி எவன்ஸ், குழந்தையைக் கொன்றதற்காக 1950இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன கிறிஸ்டியே பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல் வெளிப்பட்டது. 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருடைய வாக்குமூலங்களை மொழியறிஞர் ஸ்வார்ட்விக் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதிகளின் வாக்கிய அமைப்பு மற்றப் பகுதிகளினின்றும் வேறுபட்டிருந்தது. தடயவியல் மொழியியல் என்னும் துறைக்கு இந்நூலே தொடக்கம் என்பர்.

1953இல் தூக்கிலிடப்பட்ட டெரிக் பென்ட்லி என்ற இளைஞரின் வாக்குமூலத்தையும் கூல்ட்ஹார்ட் என்ற அறிஞர் இவ்வாறே ஆராய்ந்தார். 'அப்புறம் நான்' என்று சொல்வது ஆங்கிலேயரின் பேச்சு வழக்கு. 'நான் அப்புறம்' என்று எழுதுவது அந்நாட்டுக் காவலரின் குறிப்பேட்டு வழக்கு. பென்ட்லியின் வாக்குமூலத்தில் இருந்தது காவலர் வழக்கே! 1998இல் அத்தண்டனை ரத்தானது. விசாரணை நீதிபதி ஜூரிக்கு நியாயமாக எடுத்துரைக்கவில்லை என்பதே அதற்கு முதன்மைக் காரணம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் இவ்வேறுபாட்டைக் காண மொழியறிஞரும் தேவையில்லை. "நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன், சம்பவத்தன்று மேற்படி இடத்தில் இருந்தேன்" என்று எந்தத் தொழிலாளி பேசுவார்? அப்பா 'நேத்து வெள்ளன' என்பார். தாளில் அது 'நேற்று அதிகாலை சுமார் 5.00 மணியளவில்' என்றாகும். அவர் கடிகாரம் கட்டியதே இல்லை. சொல்லாத துல்லியம் அவர் தலையில் ஏறுகிறது; பின்னால் மணி மாறினால் பொய்யர் என்ற பட்டமும் ஏறும்.

சட்டம் இதை முன்னமே உணர்ந்திருக்கிறது. புலனாய்வின்போது காவலரிடம் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு, 1-7-2024 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 181ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளி என்று நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. நடுவரிடம் ஒப்புதல் தருபவருக்கும், 'நீர் சொல்லியாக வேண்டிய கட்டாயமில்லை' என்று முதலில் எச்சரிக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, பொய்க்கு லிட்மஸ் தாள் இல்லை. சொல்லாராய்ச்சி எங்கே தேட வேண்டும் என்று காட்டும், தீர்ப்புச் சொல்லாது. கேமராப் பதிவு, லாரியின் சரக்குச் சீட்டு, மருத்துவரின் சான்று முதலிய புறச்சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே தீர ஆராய்தல் ஆகும்.

நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறோம். நம் பெற்றோர் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்குமுன் அதை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவோம். "இது நீங்க சொன்னதுதானாப்பா?" என்று ஒரு முறை கேட்போம். அப்பாவின் தாளை அன்று யாரும் படித்துக் காட்டவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.